என் ஜன்னலை மறைத்த சிப்பாய்

மார்ச் 4
எனக்கு எழுத்து தெரியாது. வாயால் சொன்னால் இந்தக் கைபேசி எழுதிக்கொள்கிறது. இந்த வீட்டில் எனக்கு எதிர்ப்பேச்சு பேசாத பிறவி இது ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் மேசை இன்னும் என் அறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெளிச்சம் இங்கேதான் வருகிறதாம். பழங்காலத்துப் பட்டாளத்துக்காரன் ஒருவன், ஈயத்தில் வார்த்த பொம்மை, கட்டைவிரல் உயரம். அவனுக்கு எண்ணெய்ச் சாயம் பூசுகிறார். கல்யாணத்தன்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மேடை ஏறிய மனுஷன் இவர். இன்று கடுகளவுப் பொத்தானுக்குப் பித்தளை நிறம் சரிதானா என்று பூதக்கண்ணாடி பிடிக்கிறார்.

மார்ச் 9
சாயம் கரைக்கிற டர்பன்டைன் நாற்றம். தலையணையில்கூட.

மார்ச் 11
மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இந்த மாசக் கடைசியில வர்ற பொம்மைக் கண்காட்சியிலயும் பரிசு வரலேன்னா மேசை வெளியே போயிடணும். அப்பா மூச்சு விட வேண்டாமா?" மாப்பிள்ளை தலையாட்டினார். வருஷா வருஷம் தோற்பவர். ஜன்னல் என் கைக்கு வந்த மாதிரிதான். எனக்கு வாயெல்லாம் பல் — மிச்சமிருக்கிற பல் வரைக்கும்.

மார்ச் 17
இன்று முகம் ஆரம்பம். சாயத்தை அட்டையில் பிதுக்கி, எண்ணெயை அட்டை குடிக்கும்வரை காத்திருக்கிறார். இல்லையென்றால் முகம் மினுமினுக்குமாம். பிறகு தூரிகையால் ஒரு தொடு, என்னைப் பார்க்கிறார். இன்னொரு தொடு, மறுபடி என்னை.

"என்ன மாப்ளே, என் மூஞ்சில மணி பாக்கறீங்களா?"

"ஒண்ணுமில்ல மாமா. நீங்க பாட்டுக்குத் திட்டிக்கிட்டே இருங்க."

அனுமதி வாங்கித் திட்டுகிறவனா நான்?

மார்ச் 20
அவர் வெளியே போனதும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அடப்பாவி! என் மூஞ்சி! ஏறின புருவம், பிதுங்கின கீழுதடு, மூக்கோரத்துப் பள்ளம்… ஒன்று விடவில்லை. தொப்பியும் மீசையும்தான் பட்டாளத்தினுடையவை. நன்றாகத்தான் இருந்தேன். சொல்வதற்கென்ன, கம்பீரமாகவே இருந்தேன்.

மார்ச் 21
சாயம் ஈரம். காய ஒரு வாரமாகுமாம். தூசி ஒட்டினால் முகம் பாழ். மின்விசிறியை அணைத்தேன். வேர்த்துக் கொட்டுகிறது. "ஏம்ப்பா, இந்தப் புழுக்கத்துலயா?" என்றாள் மகள். குளிர்கிறது என்றேன்.

மார்ச் 30
கண்காட்சிக்கு நானும் போனேன். யார் கூப்பிட்டார்கள்? ஒருத்தரும் இல்லை. நடுவர் குனிந்து பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொன்னார்: "உடுப்பு பிரமாதம். முகத்தைத்தான் மிகைப்படுத்திட்டீங்க. இவ்வளவு சிடுமூஞ்சி மனுஷன் உலகத்துல இருப்பானா?"

பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உற்றுப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், சிப்பாயைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவசரமாக அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

பரிசு ஒரு குதிரைவீரன் பொம்மைக்கு. அவன் முகம் வேகவைத்த உருளைக்கிழங்கு.

மார்ச் 31
சொன்னபடி மகள் வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். மாப்பிள்ளை தூரிகைகளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ வைம்மா. தோத்தது அவரில்ல, என் மூஞ்சி. இதை இப்படியே விடறதா?"

"நாத்தம் தாங்கலன்னு நீங்கதானேப்பா…"

"எவன் சொன்னான்?"

ஏப்ரல் 6
அடுத்தவன் பீரங்கிக்காரன். எனக்குச் சவரம் கூடாதென்று மாப்பிள்ளையின் உத்தரவு. காலை வெயிலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். "நல்லா முறைங்க மாமா." முறைத்தேன். "இன்னும் கொஞ்சம்." வரவில்லை. என்ன செய்தும் வரவில்லை.

கடைசியில் அந்த நடுவரை நினைத்துக்கொண்டேன்.