பதினாலு கிளாஸில் ஒரே பாஸ்வேர்டு

மார்ச் 4, செவ்வாய்
கண் ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிய முன்பதிவு இணையதளம் ஒருவழியாக ஓடுகிறது. நிரலை வேலைவாரியாகத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு கிளாஸ்: டாக்டருக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று, ரத்து செய்ய ஒன்று என்று மொத்தம் பதினாலு. நோயாளிகள் பட்டியல் இருக்கும் டேட்டாபேஸைத் திறக்க ஒவ்வொன்றுக்கும் முகவரி, பாஸ்வேர்டு வேண்டும். பதினாலிலும் காப்பி, பேஸ்ட். ஒரே ஃபைலில் வைத்து எல்லாவற்றுக்கும் கொடுக்கலாம்தான். யாருக்குப் பொறுமை?

பக்கத்து சீட் அக்கா பார்த்துவிட்டாள். நாங்கள் எழுதுவதைச் சோதிப்பது அவள் வேலை.

“பாஸ்வேர்டு மாறினா பதினாலு தடவ அழுவியா?”

“தேடி மாத்திடுவேன்க்கா. ரெண்டே நிமிஷம்.”

“வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல.”

மார்ச் 6, வியாழன்
சோதனைக்குத் தனி டேட்டாபேஸ் வந்துவிட்டது. இனி ஆஸ்பத்திரியின் நிஜப் பட்டியலைத் தொடாமல் விளையாடலாம். நிஜத் தளத்தின் நகலான சோதனைத் தளத்தில், பழைய டேட்டாபேஸ் முகவரியை ஒரே தேடலில் பிடித்துப் புதியதாக மாற்றிவிட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மார்ச் 10, திங்கள்
ஆஸ்பத்திரியில் ரகளை. இன்று வரவேண்டிய முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் பெயர்கூடப் பட்டியலில் இல்லை. ரிசப்ஷனிஸ்ட் போனில் கத்தினாள்: “ஆபரேஷனுக்குன்னு பட்டினியா வந்த அம்மாவத் திருப்பி அனுப்பியிருக்கோம், தெரியுமா?”

இனி வெள்ளிதோறும் சோதனைத் தளத்தில் ‘எல்லாம் ரத்து’ அழுத்தி, பொய்ப் பெயர்களைத் துடைப்பது அக்கா வேலை என்று ஏற்பாடு; போன வெள்ளிதான் முதல் தடவை. எங்கள் மேனேஜர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“நிஜத் தளத்துல அழுத்தியிருக்க.”

“இல்ல சார்... சோதனையிலதான்... அப்படித்தான் நினைக்கிறேன்.”

நினைக்கிறாளாம்! எதையும் அடித்துச் சொல்கிறவள்.

சோதனைத் தளத்தின் ஃபைலைத் திறந்தேன். ரத்து கிளாஸில் மட்டும் இன்னும் பழைய முகவரி; சோதனைத் தளத்தில் அழுத்தினாலும் அது நிஜ டேட்டாபேஸைத்தான் துடைக்கும். அங்கே மட்டும் முகவரியை ரெண்டு வரியாக உடைத்து எழுதித் தொலைத்திருக்கிறேன். தேடலில் சிக்கவில்லை. பதிமூணுதான் மாறியிருக்கு. எண்ணிக்கூடப் பாக்கல நான்.

அவ சரியான இடத்துலதான் அழுத்தினா.

நான் ஏன் வாயத் திறக்கல?

மார்ச் 11, செவ்வாய்
யாரும் வருவதற்கு முன்பே போய், முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரே ஃபைலில் வைத்தேன். பதினாலு கிளாஸும் இப்போது அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். “படிப்பப் பாதியில விட்ட பொண்ணு! பொறுப்பப் பாருங்க!” கைதட்டல். அக்காவும் தட்டினாள்.

த்தூ.

மார்ச் 13, வியாழன்
அக்காவை இந்த மாதத்தோடு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. இப்போதெல்லாம் எதை அழுத்தும் முன்னும் தளத்தின் முகவரியில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, மூன்று தடவை வாய்விட்டுப் படிக்கிறாள். “எனக்கே எம்மேல நம்பிக்கை போச்சுடி.”

என்னை இங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். “சர்டிஃபிகேட்ட விடுங்க சார், இவ கையப் பாருங்க.” நல்லாப் பாத்தாங்க என் கைய.

சொன்னால் என் வேலை போகும். டிகிரி இல்லாதவளுக்கு வேறு எவன் தருவான்? அம்மா தெருவெல்லாம் பெருமை அடித்து வைத்திருக்கிறாள்.

இதெல்லாம் ஒரு காரணமா?

மார்ச் 14, வெள்ளி
சொல்லிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாற்றுவதற்கு முன்பிருந்த பிரதி அழியவில்லை. அதை அக்காவின் திரையில் திறந்து, உடைந்த அந்த ரெண்டு வரியைக் காட்டினேன். வரியில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

“எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை.”

“நாலு நாளா என்னோட உக்காந்து டீ குடிச்சிருக்க.”

அவ்வளவுதான். மேனேஜர் அறைக்கு நானே போனேன்.

மார்ச் 17, திங்கள்
எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. வேலை தப்பியது. மேனேஜர் எல்லார் முன்பும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அவள் நாற்காலியை ஜன்னலோரம் மாற்றிக்கொண்டுவிட்டாள்.

மார்ச் 28, வெள்ளி
சோதனைத் தளத்தைத் துடைக்கும் நேரம். அக்கா வந்து என் பின்னால் நின்றாள்.

“நீ அழுத்து.”

அழுத்தினேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “திங்கக்கிழமை லிஸ்ட்டப் படிங்க மேடம். எண்ணிக்கை வேணாம். பேர் பேரா.”

நாற்பத்தொரு பேர். நிஜப் பட்டியல் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன், யாரும் சொல்லாமலே. கடைசிப் பெயர் வந்ததும் அக்கா போனை வைத்தாள். ஜன்னலோரத்திலிருந்து நாற்காலியை இழுத்து வந்தாள். பழைய இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, உட்கார்ந்து, தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.