மூலைக்குப் போகாத காற்று

செப்டம்பர் 2

இன்று கணினியிலிருந்து காற்றோட்டப் படம் வந்துவிட்டது. நெல் உலர்த்தும் பெட்டி முழுக்க ஒரே பச்சை. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு காற்று போகிறது என்று அர்த்தம். முதலாளி ஹரிஹரசுப்ரமணியன் சார் பார்த்த கையோடு வெல்டிங்கை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் செய்யும் முதல் சின்ன டிரையர். வாங்குவது திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர் உழவர் குழு. பேசி முடித்தது அப்பா. "எங்க செம்மொழி செஞ்ச மிஷின்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கூச்சமாக இருக்கிறது. கொஞ்சம்தான்.

செப்டம்பர் 9

அந்தப் பச்சை உறுத்துகிறது. விசிறிக் காற்று அவ்வளவு நல்ல பிள்ளையா?

செப்டம்பர் 10

என் தப்புதான். காற்று நுழையும் வாயில் அது எவ்வளவு கொந்தளிப்போடு வருகிறது, அதன் சுழிகள் எவ்வளவு பெரியவை என்று நாம்தான் கணினிக்குச் சொல்ல வேண்டும். போன வருடத்துப் பெரிய டவர் டிரையரின் ஃபைலை எடுத்து, சுழியின் அளவை மாற்றாமலே ஓட்டியிருக்கிறேன். குழாயே ஒன்றரை அடி. அதற்குள் எட்டடிச் சுழி எப்படி வரும்? கணினி கேள்வி கேட்காது. காற்றைக் கஞ்சி மாதிரி கெட்டியாக்கி எல்லா இடத்திலும் சீராகத் தடவிவிட்டது.

சுழியை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினேன். காற்று நேரே எதிர்ச்சுவரில் போய் மோதுகிறது. பின்பக்க மூலை நீலம் — அங்கே காற்றே இல்லை. ஆரம்பத்தில் பெட்டிக்குள் காற்று அசையாமல் நிற்பதாக வைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருப்பதாகவும் வைத்துப் பார்த்தேன். அதே நீலம்.

அந்த மூலை நெல் கலந்தால் மொத்த லோடும் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

செப்டம்பர் 11

சாரிடம் சொன்னேன். கத்தவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. வாயில் ஓட்டை போட்ட தகடும் உள்ளே வளைந்த தகடுகளும் வைத்தால் சரியாகும், மூன்று வாரம் ஆகும் என்றேன். வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டுத் தகடுகளை அப்புறம் அங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். அறுவடை நடுவிலா? வாங்குகிறவர்களைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்றேன்.

"உங்கப்பாகிட்டதானே? நீங்களே கேளுங்க."

செப்டம்பர் 12

கேட்டேன். காற்று போகாத மூலையையும் மூன்று வாரத்தையும் அப்பாவிடம் சொன்னேன்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். வேற என்ன பண்றது? வாய மூடிக்கிட்டு அனுப்பியிருக்கணுமா?

செப்டம்பர் 14

குழுக் கூட்டம் நடந்ததை அம்மா சொன்னாள். காத்திருப்பது என்று முடிவாகியிருக்கிறது. பக்கத்து வயல் காத்தாயி அத்தை மட்டும், உன் பொண்ணை நம்பி எங்கள் நெல்லை நனைய விடுவதா என்று எல்லார் முன்னாலும் அப்பாவைக் கேட்டிருக்கிறார். அப்பா தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாராம். அழுதேன்.

செப்டம்பர் 27

மழை. அறுத்த நெல் ரோட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அப்பாவுடையது ஈரம் என்று இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. என்னிடம் போனில் பேசுவதே இல்லை.

அக்டோபர் 4

தகடுகள் வைத்தாயிற்று. முழுக்கச் சரியாகவில்லை. அந்த மூலைக்கும் காற்று போகிறது, ஆனால் குறைவு. ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்ட வேண்டும். அம்மாவிடம் சொல்லி, அப்படியே எல்லாருக்கும் சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவும் இல்லை, பெருமையடிக்கவும் இல்லை.

அக்டோபர் 7

வண்டி ஊருக்குப் போய்விட்டது. கூடப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்டோபர் 9

அப்பா போன் செய்தார். பின்னால் டிரையர் சத்தம். முதல் லோடு காத்தாயி அத்தையுடையதாம், அவரே கேட்டு வாங்கினாராம். மற்ற இடமெல்லாம் ஈரம் பதினாறு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, கொள்முதலுக்கு அது போதும் என்றார். மூலை எப்படி என்று நான் கேட்பதற்குள், இறக்கிவிடலாமா என்று அங்கே யாரோ கேட்டார்கள். அப்பா போனை வைக்காமலே அவருக்குப் பதில் சொன்னார்.

"இருப்பா. செம்மொழி மூலை இன்னும் காயல. ஒரு மணி நேரம் ஓடட்டும்."

ஊரே அந்த மூலையை அப்படித்தான் சொல்கிறதாம். கேலிக்கு வைத்த பெயராகத்தான் இருக்கும். அப்பா சொல்லிக் கேட்க நன்றாக இருந்தது.