கதைத்தால்தான் ஆபத்தாம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

நாளை மடு மாதா கோயிலுக்குப் போக, ஸ்கூட்டியோடு பெற்றோல் செட் வரிசையில் நின்றேன். கனடாவிலிருந்து மகன் கோல் எடுத்தான், எத்தனையோ வாரத்துக்குப் பிறகு. "சொல்லு ராசா" என்பதற்குள் பம்படியில் நின்றவர் கத்தினார்: "அம்மா, போனை வையுங்கோ, நெருப்புப் பத்தும்." பயத்தில் உடனே நிறுத்திவிட்டேன்.

என் முறை வந்ததும் அவரே, "போனை எடுங்கோ, பெற்றோல் கோட்டா கியூஆரைக் காட்டுங்கோ" என்றார். தன் போனையும் பம்புக்குப் பக்கத்திலேயே நீட்டி ஸ்கேன் செய்தார்.

"இப்ப பத்தாதோ தம்பி?"

"கதைச்சால்தான் அம்மா ஆபத்து."

வீட்டுக்கு வந்து மகனுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. வேலைக்குப் போயிருப்பான்.

போன் மேசையில் சத்தமில்லாமல் கிடக்கிறது. கதைத்தால்தான் ஆபத்தாம். அப்படிப் பார்த்தால், இந்த வீட்டைப் போலப் பாதுகாப்பான இடம் மன்னாரிலேயே கிடையாது.