வாசல் நிலையில் ஒட்டிய மஞ்சள் காகிதம்

திருத்தணி, 12-4-1942, ஞாயிறு இரவு

அண்ணன் ரங்கூனிலிருந்து கூட்டிவந்த சீனத்து அண்ணி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வாசல் நிலையில் மஞ்சள் காகிதம் ஒன்றை ஒட்டியிருந்தாள். அதில் சிவப்பு மையில் அவர்கள் எழுத்து. ஜப்பான் குண்டுக்குப் பயந்து மெட்ராஸிலிருந்து ஓடிவந்தவர்கள் தெரு முழுக்க இருக்கிறார்கள். யாரோ ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, ஜப்பான்காரன் எழுத்தா?"

"இல்லீங்க, எங்க தாவோ மதத்துப் பூசாரி எழுதின காப்பு. கெட்டது அண்டாது. தாவோன்னா வழிங்க."

"யாருக்கு வழி காட்டிகினு இருக்கே? ஏரோப்ளேனுக்கா?"

நாளை இன்ஸ்பெக்டரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் போனார். இவளைக் கொண்டுபோய்விட்டால் பால்குடிக் குழந்தையை என்ன செய்வது?

காகிதத்தைப் பிய்த்து விளக்கில் காட்டி எரித்தேன். அண்ணி தடுக்கவில்லை. சாம்பலைத் தட்டில் ஏந்தி, தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டினாள். அவர்கள் மதத்தில் காப்பை அப்படியும் கொடுப்பார்களாம்.

"வெளிய இருந்தது உள்ள போய்ட்ச்சு. இனிமே யாரும் பிய்க்க முடியாது" என்றாள்.

அவளும் குழந்தையும் தூங்குகிறார்கள். நான்தான் எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன்.