ஏழாவது படம் பரவாயில்லை

ஒக்ரோபர் 9, புதன்

ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தோம். பிளேஸ்டோ ஸ்ரேசன் படியில் இவர் பாதியில் நின்றுவிட்டார். சுவரில் இருந்த விளம்பரத்தை வாசிக்கிறாராம். கண்ணாடி என் கைப்பைக்குள் இருக்க என்னத்தை வாசித்தார் ஞானரட்ணம்?

"நெஞ்சுக்குள்ளை ஏதும் செய்யுதோ?"

"பரவாயில்லை."

மிச்சப் படி முழுக்க இரண்டு பையையும் நானே தூக்கினேன். வேண்டாம் என்று இவர் சொல்லவில்லை. அதுதான் பயம்.

ஒக்ரோபர் 10

இன்றும் பயமாயிருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

ஒக்ரோபர் 15, செவ்வாய்

டொக்டர் போனில் கதைத்தார். மொழிபெயர்க்க ஒரு பிள்ளை லைனில் வந்தாள், சென்னைப் பேச்சு.

"சார், நெஞ்சு வலி இப்போ எப்படி இருக்கு?"

"பரவாயில்லை, பிள்ளை."

அவள் டொக்டரிடம் "நோ ப்ரொப்ளம்" என்றாள். அவளில் பிழையில்லை, அவர்கள் பக்கம் அந்தச் சொல் அப்படித்தான். இவர் வாயில் அது வேறு. கை முறிந்து தொங்கியபோதும் இதையேதான் சொன்னார். நான் "நோ, நோ" என்று கத்த முதலே வாய்வுக் குளிசை எழுதிப் போனை வைத்துவிட்டார்கள். திரும்ப எடுத்தேன். அடுத்த கிழமைதான் டொக்டரைப் பார்க்க நேரம் இருக்காம்.

மகள் பிறின்சியிடம் சொன்னேன். "அம்மா, அப்பா சொல்றதை நம்பாதேங்கோ. ஜஸ்ட் கோல் அம்புலன்ஸ்" என்றாள்.

ஒக்ரோபர் 19, சனி

ஆஸ்பத்திரியில் இருந்து, கைப்பைக்குள் கிடந்த கோயில் பூசைத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் தொருகா. ஜப்பான்காரரின் இராட்சத மிருகம், கடலுக்குள்ளிருந்து எழும்பி நகரத்தை மிதிக்கும். அந்தப் படவரிசை முழுவதையும் இவர் பழைய டிஸ்க்காக வாங்கி வைத்திருக்கிறார். இன்று ஏழாவது. நடுத்தரம்தான். பாதிப் படம்வரை விஞ்ஞானிகள் மேசையைச் சுற்றிக் கதைக்கிறார்கள், தொருகா வேச உடுப்பின் முதுகில் சிப் தெரிகிறது. ஆனால் எதிரி ஒரு கடலட்டை, மலையளவில்! மன்னார்க்காரரான எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

"ஆமியை ஏன் கூப்பிடுறாங்கள்? எங்கடை ஆக்களை விட்டா அவிச்சுக் காயவைச்சு வித்துப்போடுவாங்கள்" என்றார் இவர்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு துறைமுக அதிகாரி வந்து, ஆபத்து ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்கிறான். அவனுக்குப் பின்னால் கடல் வீங்குகிறது. என் சிரிப்பு மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இவர் சட்டை நனைந்திருக்கிறது, முகம் வெளிறிவிட்டது.

"எப்பிடி இருக்கு?"

"பரவாயில்லை."

"படமோ, நெஞ்சோ?"



ஐயோ, எப்பிடிப் போன் எடுத்தனான், ஆருக்கு என்ன சொன்னனான், ஒண்டும் ஞாபகமில்லை. அம்புலன்சில் வந்த பெடிச்சி "ஓகே?" என்று கேட்க, இந்த மனிசன் கட்டைவிரலை உயர்த்துகிறார்! அவள் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கத்தினேன்: "ஹிஸ் ஓகே — நொட் ஓகே!"

அவளுக்கு விளங்கிவிட்டது. சைரன் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஒக்ரோபர் 23

மூன்று அடைப்பு. நாளைக்கு நெஞ்சைத் திறக்கிறார்கள். செபமாலை கையில் இருக்கிறது, செபம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கடல்தான் வீங்குகிறது. மாதாவே, இந்த மனிசனை எனக்குத் திருப்பித் தா.

ஒக்ரோபர் 24

பின்னேரமாகிவிட்டது. ஒருவரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நீல உடுப்புத் தெரிந்தாலே எழும்பி நிற்கிறேன். ஏன் இவ்வளவு நேரம்?

நவம்பர் 16, சனி

மிச்சப் படத்தைப் போடச் சொன்னார். இருமினால் தையல் தாங்கட்டும் என்று ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்தார். தொருகா கடலட்டையைத் தூக்கி எரிமலைக்குள் எறிந்துவிட்டு, வந்த வழியே கடலுக்குள் போனது.

"எப்பிடிப் படம்?" என்றேன்.

"கூடாத படம். ஆனா இன்னொருக்காப் பாக்கலாம்."

தேத்தண்ணி போட எழும்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"றோஸ்மலர், நோகுது."

ஓடிப்போய்க் குளிசை எடுத்துக் கொடுத்தேன். அதற்கேன் சிரிக்கிறாய் என்று கோபிக்கிறார்.