இல்லாத கோழியைத் தேடி

தண்ணீர்ச் செம்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட என் அருமை அம்மாவுக்கு,

நான் மலாவியிலிருந்து வந்துவிட்டேன். ஆப்பிரிக்காவில் இருக்கிறது அந்த நாடு. நீ கண்ணை மூடிய பிறகு, நர்ஸ் வேலைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு, ஒரு தொண்டுக் குழுவோடு சம்பளமில்லாமல் போனேன். கிராமங்களில் கழிப்பறை கட்டுவதும் சுகாதாரம் பேசுவதும்தான் வேலை. அண்ணன் இன்னும் பொருமிக்கொண்டுதான் இருக்கிறான். "கடையநல்லூர்க்காரன் வெளிநாடு போனா வந்து வீடு கட்டுதான். எந்தங்கச்சி அங்க போயி கக்கூஸ் கட்டிட்டு வந்திருக்கா. வெளிய சொல்ல முடியுதா?" என்கிறான்.

நான் சொல்லுவேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாகவே சொல்லுவேன். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தானே அம்மா உன்னைப் பறிகொடுத்தோம்?

உன் கோழி நினைவிருக்கிறதா? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இருட்டியதும் செம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "கோழியத் தேடிட்டு வாரேன்" என்று உடைமரக் காட்டுப் பக்கம் போவாய். நம் வீட்டில் கோழியே கிடையாது. ஆனால் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அந்த நேரத்தில்தான் கோழி காணாமல் போகும்.

பிறகு வீட்டில் கழிப்பறை வந்தது. நீ வேலை பார்த்த தறிக்கூடத்தில் வரவேயில்லை. அதனால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டாய். "குடிச்சா போணும்லா" என்பாய். ஆடித்தபசுத் திருவிழா அன்று ஊரே நீர்மோர் குடிக்கும். நீ உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாய், பழக்கம் அப்படி. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை வளர்த்தாள் என்று உன்னை எல்லோரும் புகழ்ந்தார்கள். மூத்திரத்தையும் கட்டினாள், அதில்தான் கிட்னி போனது என்று ஒருத்தராவது சொன்னார்களா?

மலாவிக் கதையைக் கேள். ரோட்டோரம் ஒரு பெரிய மாமரம், அதன் எதிரே அழகாகக் கழிப்பறை கட்டி நீலப் பெயின்ட் அடித்தோம். ஒரு பெண்கூட உள்ளே போகவில்லை. இன்னும் நாலு கூட்டம் போட்டுப் பேசிப் புரியவைக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் முடிவானது. நானும் தலையாட்டினேன். அந்த ஊரில் கிரேஸ் என்று ஒருத்தி, உன் நிறம், உன் பிடிவாதம். நான் தண்ணீர் நீட்டினால் வாங்கவே மாட்டாள். ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் ஏதோ சொல்லிவிட்டு எழுந்தாள். ஆட்டைப் பார்த்துவிட்டு வருகிறாளாம் என்று மொழிபெயர்க்கிற பெண் சொன்னாள்.

கிரேஸ் வீட்டில் ஆடே கிடையாது, அம்மா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னாலேயே ஓடிப்போய், எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கோழி என்றேன். அது அவள் மொழியில் போய்ச் சேர்ந்ததும் என்னை உற்றுப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். அந்த மாமரத்தடியில் ஆண்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் பார்க்க எப்படிப் போய்க் கதவைத் திறப்பது என்று கேட்டாள். கட்டியதை விட்டுவிட்டு இன்னொன்றா என்று குழுவில் முனகினார்கள். நான் விடவில்லை. சோளக்காட்டுக்குப் பின்னால் பெண்கள் காட்டிய இடத்தில் மறுபடி குழி தோண்டினோம். அது முடிந்த அன்று கிரேஸ் என் எதிரில் நின்று ஒரு குவளைத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். நான் உன்னை நினைத்து அழுதேன்.

ஊருக்கு வந்தேன். உன் தறிக்கூடத்துக்குத்தான் உன் மருமகள், என் மதினி, இப்போது போகிறாள். காலையில் சாப்பாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன், தொடவில்லை. "வேண்டாம் மக்கா, வேலைக்குப் போணும்லா" என்றாள். அவள் காலைப் பார்த்தேன். உனக்கு வீங்கிய மாதிரியே வீங்கியிருந்தது.

நேரே முதலாளி அண்ணாச்சியிடம் போய், தறிக்கூடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுங்கள் என்று கேட்டேன். "இத்தன வருசத்துல ஒரு பொம்பள கேட்டதில்லையேம்மா" என்றார்.

"கேக்காமலே செத்தவ மக கேக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

அண்ணன் குதித்தான். "நான் அங்க ஃபிட்டரு. எஞ்சோத்துல மண்ணள்ளிப் போடாத ஏட்டி!"

"மொதல்ல ஒம்பொண்டாட்டி வயித்துல தண்ணி போவட்டும்" என்றேன்.

மறுநாள் தறிக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனார்கள். முதல் நாள் ராத்திரி நான் சொன்ன கிரேஸ் கதையைக் கேட்டுவிட்டு மதினி சொல்லிச் சேர்த்த ஆட்கள். வயிறு முட்டக் குடித்துவிட்டு, மத்தியானம் தறியை நிறுத்தி, பக்கத்திலேயே இருக்கிற அண்ணாச்சி வீட்டுக்கு நடந்தார்கள். அவர் சம்சாரம் கதவைத் திறந்து, "என்னட்டி, இத்தன பேரு?" என்று கேட்டிருக்கிறார்.

நம் மதினி, பூனை மாதிரி இருப்பாளே, அவள் சொன்னாளாம்: "கோழியத் தேடி வந்தோம் அக்கா."

அந்த அம்மாவும் ஒரு காலத்தில் கோழி தேடியவர்தானே! விலகி நின்று கொல்லைப்புறக் கழிப்பறைக்கு வழிவிட்டார். மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாள் தறிக்கூடத்துக்குப் பின்னால் செங்கல் வந்து இறங்கியது.

அண்ணாச்சி அண்ணனிடம் முகம் கொடுப்பதில்லை. வேலை நிலைக்குமா, தெரியாது. அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் தினமும் மதினியின் பாட்டிலை அவன்தான் நிரப்பி சைக்கிளில் மாட்டுகிறான்.

மலாவியில் மறுபடி கூப்பிடுகிறார்கள். போவேன். ஊர் என்ன பேசினாலும் போவேன். ஆனால் தறிக்கூடத்தில் கதவு மாட்டி, மதினி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் கிளம்புவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் படத்துக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருக்கிறேன். உதட்டை மட்டும் நனைக்காதே. முழுசும் குடி அம்மா.

உன் வெட்கங்கெட்ட மகள்,
கோமதி