செட்டுக்காரர் வீட்டுப் பாட்டு

பிப். 3, செவ்வாய்

பத்து மணி வரை மூடுபனி. துவைத்துப் போட்ட சேலை மூன்றாம் நாளாக ஈரம். கொடைக்கானல் மலையில் இந்தக் கவுஞ்சிக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எழுதுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்த புத்தகம் இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறது.

எழுதாமல் தப்பிக்கப் பரணைச் சுத்தம் செய்தேன். கோணிப்பை போர்த்திய ரெக்கார்டு பிளேயர். தூக்க முடியாத கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையர். மரப்பெட்டி ஸ்பீக்கர். ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள்.

கோயில் படியில் ஏறி நின்று, வீட்டின் சொந்தக்காரருக்குப் போன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். "எங்கப்பாவோட மைக் செட்டுங்க மேடம். ஊர்ல கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பிடு எதுன்னாலும் அவருதான் போடுவாரு. அவரு போனதுக்கப்புறம் யாரும் தொடல. ஓடுச்சுன்னா போட்டுக் கேளுங்க, இல்லேன்னா எடைக்குப் போட்டுருங்க."

வாங்க: பி.பி. மாத்திரை, மெழுகுவர்த்தி, எலிப்பொறி, நல்லெண்ணெய் ½ லி.

பிப். 5, வியாழன்

வெயில். மன்னவனூரிலிருந்து எலக்ட்ரீஷியன் ஜெயராஜ். மோட்டாருக்கு எண்ணெய் விட்டதும் பிளேயர் சுற்றியது. ஆம்ப்ளிஃபையரை ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விட்டார். "வால்வு செட்டு மேடம். பார்ட்ஸ் கொடைல கெடைக்குதான்னு பாக்கணும். திங்கக்கெழம கொண்டாறேன்."

தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். நாகசுரம், நாடகப் பாட்டு, பக்திப் பாட்டு. பாதிக்கு மேல் விரிசல். ஒன்றில் மட்டும் நடுத்தாளைப் பூச்சி முழுக்க அரித்திருக்கிறது. பாடியவர் பெயர் இல்லை, பாட்டின் பெயர் இல்லை. மற்ற எல்லாவற்றையும்விடத் தேய்ந்தது அதுதான். கறுப்பு சாம்பல் நிறமாகியிருக்கிறது.

சுற்றுகிறதா என்று பார்க்க அதைச் சும்மா ஓடவிட்டேன். ஆம்ப்ளிஃபையர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. ஆனால் பள்ளத்தில் ஓடும் ஊசியே முணுமுணுத்தது. காதைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். கொசு அளவுக் குரல். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது.

பழைய பாட்டு எனக்கு ஆகாது. நான் கேசட் காலத்துப் பிள்ளை. அதற்கு முந்தியதெல்லாம் மூக்கால் பாடுவது, இழுப்பது என்று அலுவலகத்தில் எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேன். இது என் அம்மா பிறப்பதற்கும் முந்தைய குரலாக இருக்கலாம்.

இருட்டும் வரை அதையே கேட்டேன்.

பிப். 8, ஞாயிறு

மூன்று நாளாக அதே தட்டு. கழுத்து வலி. வலது காது ஊசிப் பக்கம் தானாகச் சாய்கிறது.

குறித்துவைக்க:
– ஹார்மோனியம் தொடங்கும் முன் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்.
– இரண்டாம் அடிக்கு முன் பாடகி மூச்சு இழுப்பது கேட்கிறது.
– முடிந்ததும் ஒரு சிரிப்பின் தொடக்கம். அத்துடன் பள்ளம் தீர்ந்துவிடுகிறது.

வெளியூர் போனவனிடம் ஒருத்தி பேசுகிற பாட்டு. விளக்கு வைக்கும் முன் வந்துவிடு, இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிடுவேன் என்கிறாள். சாத்த மாட்டாள். குரலிலேயே தெரிகிறது.

அந்த மூச்சு. இன்று உயிரோடு இருக்க வழியே இல்லாத ஒருவர் என் காதருகில் மூச்சு இழுக்கிறார். பாட்டுக்காக ஊசியை வைக்கிறேனா, அதற்காகவா? மத்தியானம் அடுப்படியில் நின்றபோதும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு முத்துலட்சுமி ஒரு முறம் பூண்டு கொடுத்துப் போனார். கணவர் பொன்னையா தேனி ஆஸ்பத்திரியில். நுரையீரலில் தண்ணீர். "மக கூட இருக்காக்கா. இந்தப் பூண்டத் தோண்டிப் போட்டுட்டா நானும் போயிருவேன். அதுவரைக்கும் ஒரு போனும் வராம இருக்கணும்." பேசும்போதே கையிலிருந்த போனைப் பார்த்தார். டவர் இல்லை. எங்கள் தெருவில் எப்போதும் இல்லை. கோயில் படியில் ஏறி நின்றால்தான்.

பிப். 9, திங்கள்

நடந்தது நடந்தபடி.

காலையில் கடும் பனி. ஜெயராஜ் வந்தார். ஆம்ப்ளிஃபையரை மாட்டினார். "பின்னாடி தொங்குன வயரையெல்லாம் அதது எடத்துல சொருகிட்டேன் மேடம்." அடுத்த வேலைக்கு அவசரம், போய்விட்டார்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் போட்டேன். கொசுக் குரல் ஆளாகி அறைக்குள் வந்து நின்றது. வெளியே அதே குரல் இன்னொரு முறை, சற்றுப் பிந்தி, பனிக்குள்ளிருந்து. மலை திருப்பிச் சொல்கிறது என்று நினைத்தேன். அழுதேன் என்றுகூட எழுதலாம். திரும்பவும் போட்டேன். மூன்றாம் முறையும்.

ஜன்னல் வழியே ஆட்கள் தெரிந்தார்கள். தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிறார்கள். கையெல்லாம் மண். எல்லோரும் எதிர்வீட்டுக்கு. முத்துலட்சுமி பூண்டுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார், கால் நீட்டி. மேல்காட்டுத் தோட்டத்திலிருந்து பொன்னையாவின் தம்பி வேலு ஓடிவந்தார். வாசலில் விழுந்து புரண்டார். "அண்ணே, என்னய விட்டுட்டுப் போயிட்டியேண்ணே!"

ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். முப்பது வருடப் பத்திரிகைப் பழக்கம், முதல் கேள்வி அதுதான்: யார் சொன்னது?

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்கதானக்கா போட்டீங்க."

டீக்கடைச் சின்னையா கோயில் படிக்கு ஏறி தேனிக்குப் போன் போட்டார். மகள் எடுத்தாள். அப்பா ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாராம்.

அதன் பிறகுதான் சொன்னார்கள். இந்த ஊரில் சாவு விழுந்தால் மைக் செட்டுக்காரர் முதலில் அந்தத் தட்டைப் போடுவார். அடுத்தடுத்து மூன்று முறை. மேல்காட்டில் இருப்பவனுக்கும் கேட்கும், இறங்கி வந்துவிடுவான். ஆஸ்பத்திரியில் இருந்தவர் பொன்னையா என்பதால் எல்லோரும் நேரே எதிர்வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்கு மேலே பாறையில் ஒரு கம்பம், அதில் துருப்பிடித்த குழாய் ஸ்பீக்கர் ஒன்று. தினமும் பார்ப்பதுதான். அதன் கம்பி என் வீட்டுச் சுவருக்குள் இறங்குகிறது என்று யோசித்ததில்லை. மலை எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

"ஏன் அந்தப் பாட்டு?"

சின்னையா: "யாருக்குத் தெரியும்? எங்கய்யா காலத்துலயே அதான். கேட்டா எறங்கி வந்துருவோம், அம்புட்டுத்தான்."

கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் திட்டு. சிரிப்பு முழுக்க வேலு மேல். "ஏலே வேலு, இட்லி திங்கிறவனுக்கு ஒப்பாரி வச்ச மொத ஆளு நீதான்டா." "சட்டையத் தட்டுலே, அண்ணன் வந்தா அடிப்பான்." அவர் மண்ணைத் தட்டாமலே திரும்பி ஏறிப் போனார்.

முத்துலட்சுமி திட்டவில்லை. கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "போங்கக்கா. போயி சோலியப் பாருங்க" என்றார். பூண்டின் தாளை நீக்க ஆரம்பித்தார்.

பிப். 12, வியாழன்

பனி இல்லை. வெறும் குளிர். பாறைக்கு ஏறிப் பார்த்தேன். குழாய்க்குள் மைனா கூடு, காலி. கம்பியைப் பிடுங்கவில்லை, பிடுங்க விடவில்லை. நேற்று சின்னையாவும் இன்னும் இருவரும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். "தெரியாம நடந்துபோச்சு, விடுங்க. ஆனா கம்பி அப்பிடியே கெடக்கட்டும். இப்ப யாரு செத்தாலும் போன்ல சொல்றோம். மேக்காட்டுல டவர் எடுக்காது. அங்க இருக்கவன் பொணத்தத் தூக்குன பெறகுதான் வந்து நிக்கிறான். இனிமே நீங்க போடுங்க."

சரி என்றேன்.

தட்டைத் தொடவில்லை. ஆனால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜீப் கியர் மாற்றும்போது. குழாயடியில் குடம் நிறையும்போது. அதே மூச்சு. இப்போது அதற்கு முன்னால் வேலு விழுந்த சத்தமும் சேர்ந்து கேட்கிறது.

என் பாட்டு என்று நினைத்திருந்தேன். ஊரே எத்தனையோ பேருக்காக அதைக் கேட்டு இறங்கி வந்திருக்கிறது.

பிப். 17, செவ்வாய்

பொன்னையாவைக் கொண்டுவந்துவிட்டார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். ரோட்டிலிருந்து வேலு முதுகில் தூக்கிவந்தார். ஆள் பாதிதான் இருக்கிறார். வாய் முழுசாக இருக்கிறது.

"வாங்க பத்திரிகைக்காரம்மா. எனக்கு முன்னாடியே சேதி போட்டீங்களாம்ல?"

அவர் சிரித்தார், இருமினார், அது அடங்க நேரமானது. "எம்பாட்ட எல்லாரும் கேட்டாச்சு. நான் மட்டும் கேக்கல. செத்த பெறகு போட்டா எனக்கெங்க கேக்கப்போவுது? இப்பவே போடுங்க."

முத்துலட்சுமி: "வாய மூடுங்க. கிறுக்கு."

"நீ சும்மா இரு. ஒனக்குக் காது இருக்கும், அப்பக் கேட்டுக்க."

பிப். 21, சனி

மேகம். முத்துலட்சுமியே வந்து கூப்பிட்டார். "தெனம் அதே பேச்சுக்கா. போட்டுத் தொலைங்க. ஆனா வெளிய கேக்கக் கூடாது."

பிளேயரையும் தட்டையும் மட்டும் தூக்கிப்போனேன். ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். கட்டிலில் அவர் தலைமாட்டில் வைத்து ஊசியைப் போட்டேன். காதைச் சாய்த்துக் காட்டினேன். அவரும் சாய்ந்தார். அறையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் ஏறியது.

"ஏ... இது எழவுப் பாட்டே இல்லியே. ஒருத்தி புருசன வையிறா!"

மேல்காட்டுக்கு வந்து சேரும் குழாய்ச் சத்தத்தில் சொல் ஏது? இந்த வயது வரை அவர் கேட்டது ராகத்தை மட்டும்தான்.

"இங்க வா முத்து. வெரசா வா, முடியப்போவுது. கதவச் சாத்திருவாளாம். ஒன்னயாட்டமே பேசுறா பாரு."

முத்துலட்சுமி வரவில்லை. பொன்னையா மறுபடி போடச் சொன்னார். இந்த முறை முத்துலட்சுமி வந்து, கட்டிலின் மறுபக்கம் மண்டியிட்டு, தட்டுக்கு அந்தப் பக்கம் காதை வைத்தார். இரண்டு தலைகள், நடுவில் சுற்றும் கறுப்பு. நான் வெளியே போய்ப் பூண்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம். அவர் சிரிப்பு அல்ல, முத்துலட்சுமியின் சிரிப்பு.

பிளேயரையும் தட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பிப். 26, வியாழன்

மழைத்தூறல். பால் வாங்க மறந்தேன். பி.பி. 150/90.

தினமும் போடுகிறார்களாம். இரைச்சல் ஏறிவிட்டது, நாற்காலிச் சத்தம் இப்போது கேட்கவில்லை என்கிறார் முத்துலட்சுமி. இருக்கும் ஊசிகள் மழுங்கல். போடப் போடத் தட்டு தேயும். சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

என் வீடு அமைதி. பயமாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் ஒரு மூலையில். அந்தக் குரல் எதிர்வீட்டில் குடியேறிவிட்டது.

மார்ச் 2, திங்கள்

வெள்ளனே பனி, எட்டு மணிக்கு விலகியது.

பொன்னையா காலையில் போய்விட்டார். காபி குடித்தார், தம்பி தோட்டத்துக்குக் கிளம்பும்போது மண்வெட்டியை மறந்துவிட்டுப் போகாதே என்றார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

சின்னையா என் வாசலுக்கு வந்தார். "போடுங்கம்மா. எல்லாரும் காட்டுல இருக்காங்க."

தட்டு எதிர்வீட்டில். போனேன். முத்துலட்சுமி அதை மடியில் வைத்திருந்தார், முந்தானையில் சுற்றி.

"வேணாங்க்கா."

சின்னையா: "ஊருக்குத் தெரிய வேணாமா தாயி? அவன் தம்பிக்கே இன்னும் தெரியாதே."

"ஆள் போயிச் சொல்லட்டும். இது அவரும் நானும் கேட்ட பாட்டு. கொழாயில போட்டா ஊருக்குப் போயிரும். பெறகு எனக்கு இல்ல."

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். சேதி சொல்வதுதானே என் தொழில்.

ஏறினேன். ஒவ்வொரு தோட்டமாக நின்று, பெயர் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். சிலர் உடனே மண்வெட்டியைப் போட்டார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள், பாறைக் கம்பத்தைப் பார்த்தார்கள், பிறகு இறங்கினார்கள். கடைசி மேல்காட்டில் வேலு, தனியாக. பாதிப் பாத்தி தோண்டியிருந்தார். பூண்டு வாசனை. மூச்சு வாங்க நின்று சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். காதைக் கீழ்ப் பக்கம் திருப்பி வெகு நேரம் கேட்டார். காற்று மட்டும்.

"ஒருக்கா ஏமாந்தது போதும்க்கா" என்றார். "நான்தான் காலைல காபி குடுத்துட்டு வந்தேன். பாட்டே கேக்கலியே."

குனிந்து அடுத்த பூண்டைத் தோண்டினார்.